நாதியாவின் இரண்டு கிண்ணங்கள்

தம்பி,

இந்தக் கடிதத்தை அம்மாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் வியாழக்கிழமைக்கு முன் பொண்டியில் உன் வீட்டுக்கு வந்து சேருமோ தெரியாது. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் நீ வைத்துவிடுவாய், நீ வைக்காவிட்டால் நான் வைத்துவிடுவேன். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு எத்தனையோ தரம் என்னைத் திட்டியிருக்கிறாய். இன்றைக்கு அந்தத் தமிழ் எனக்குத் தேவைப்படுகிறது. மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் அம்மாவைக் கேள். கடைசி வரி வரைக்கும் நீ வாசித்து முடிக்காமல் உன் வீட்டுக் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் அவர் இங்கே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

நேற்று நீ அம்மாவோடு கதைத்தபோது அவர் போனைச் சத்தமாகப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் குசினிக்குள்தான் நின்றேன். எல்லாம் கேட்டது. போன செவ்வாய்க்கிழமை உன் வகுப்புப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் இலையும் காயும் பொறுக்கினது, அன்று பின்னேரம் ஒரு பிள்ளை வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனது, வகுப்பில் வாத்தியார்தான் பூங்காவில் பொறுக்கின மரோன் கொட்டையைத் தின்னக் கொடுத்தார் என்று பிள்ளையின் தகப்பன் வந்து நின்றது, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பது, அதுவரைக்கும் வகுப்புப் பக்கம் வராதே என்று சொன்னது. பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேட்டதும் நான் ஒரு மூச்சு விட்டேன். பிறகு நீ சொன்னாய்: "அந்தப் பிள்ளை என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டே சொன்னவன் அம்மா, நான் குடுத்தனானெண்டு. நாலு வயசிலை இப்பிடிப் பொய் சொல்லுதே!" அதற்குப் பிறகு சொன்னதுதான் எங்கள் இரண்டு பேரையும் அப்படியே நிற்க வைத்தது. "வியாழக்கிழமை நான் என்ரை கதையைச் சொல்லப்போறன். நானும் நாலு வயசிலை மரோன் திண்டு ஆஸ்பத்திரியிலை கிடந்தனான், ஒரு மனிசி கவனமில்லாமல் தந்து. அப்பிடிப்பட்ட நான் ஒரு பிள்ளைக்குக் குடுப்பனோ எண்டு கேக்கப்போறன்."

நீ போனை வைத்த பிறகு அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அவன் அந்தக் கதையைச் சொல்லப்போறானாம். கேட்டியளோ?" என்றார். கேட்டனான் என்றேன். "நீங்கள் எழுதுறியளோ, இல்லாட்டி நான் சொல்லட்டோ?" என்றார். இத்தனை வருடத்தில் அம்மா என்னோடு இப்படி ஒரு குரலில் கதைத்தது கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன், நல்ல மனுசன் என்று நினைத்துவிடாதே. முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை அந்தக் கதையைச் சொல்லாதே. அது நடக்கவில்லை. உன் வேலையைக் காப்பாற்ற நீ தூக்கிப் பிடிக்கப் போவது நான் செய்த பொய்.

நீ சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிறேன் என்று சொன்ன நாள் நான் போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும். "ஆம்பிளைப் பிள்ளை, மூக்குத் துடைச்சு விடவோ இவ்வளவு காலம் படிச்சனீ?" என்று கேட்டேன். நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற வெட்கம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பாதிதான். மற்றப் பாதி பயம். அது உனக்கு விளங்க நியாயமில்லை. போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, நான் பருப்பு ஊறப்போடுகிற சட்டிக்குள் தண்ணீர் விட்டு ஒரு பைன் காயை அமிழ்த்தினாய். "பாருங்கோ அப்பா, கொஞ்ச நேரத்திலை இது செதிளெல்லாத்தையும் மூடும். காய்ஞ்சால் திரும்ப விரியும். மழை வந்தால் விதை நனையாமல் இருக்க" என்றாய். "உனக்கும் விசர், உன்ரை காயுக்கும் விசர்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கினேன். நீயும் அம்மாவும் சாமான் வாங்கப் போன பிறகு சட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். மூடித்தான் விட்டது. அதை உனக்கு இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

நீ திரும்பி வந்து பையிலிருந்து இரண்டு கிண்ணம் எடுத்தாய். ஒன்றில் மெத்ரோ வாசலில் வறுத்து விற்கிற மரோன், நுனியில் சின்ன வால் உள்ளது. மற்றதில் பூங்கா மரத்திலிருந்து விழுகிறது. உருண்டை, வால் இல்லை, மற்றதைவிட மினுக்கம், தின்றால் நஞ்சு. முதல் கிண்ணத்தில் சிரிக்கிற முகம், இரண்டாவதில் அழுகிற முகம் ஒட்டியிருந்தாய். "பிள்ளையள் தொட்டுப் பாத்துப் பிரிக்கவேணும். வாலுள்ளது இஞ்சை, வாலில்லாதது அங்கை" என்றாய். "உது ஆர் உனக்குக் காட்டித் தந்தது?" என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்லை, நானே யோசிச்சது" என்றாய். இல்லை தம்பி. அது நாதியாவின் விளையாட்டு. உனக்கு மறந்துவிட்டது, உன் கைக்கு மறக்கவில்லை.

நீ சொல்கிற அந்தக் "கவனமில்லாத மனிசி"தான் நாதியா. உன் முதல் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைக்கு உதவியாக வகுப்பில் நின்றவர். அல்ஜீரியாவில் மலைப்பக்கத்து ஆள். வேலை தற்காலிகம், அந்த வருடம் சோதனை எழுதி நிரந்தரமாகிவிடலாம் என்று இருந்தார். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் வாயே திறக்க மாட்டாய். இரண்டு மாதமாக ஒரு சொல் இல்லை. ஏதோ குறையோ என்று அம்மா கும்பிடாத தெய்வமில்லை. ஒருநாள் நாதியா உன் கையில் ஒரு இலையைத் தந்து, மேலே தாளை வைத்து, மெழுகுக் குச்சியால் உரசச் சொன்னாராம். இலையின் நரம்பெல்லாம் தாளில் எழும்பி வந்ததும் நீ "ஓங்கோர்" என்றாயாம், இன்னும் ஒன்று என்று. அதுதான் நீ பள்ளிக்கூடத்தில் பேசிய முதல் சொல். பின்னேரம் உன்னைக் கூப்பிடப் போன அம்மாவைக் கட்டிப்பிடித்து நாதியா அழுதாராம். அதற்குப் பிறகு வீடு முழுக்க இலைதான். என் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்துக்குள் தாள்தாளாக இலை வைத்து அமத்தினாய். நானும் அந்தப் புத்தகத்தை வேறு எதற்கும் திறக்கவில்லை.

இனி நடந்தது. ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அம்மா ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கப் போய்விட்டார். எனக்குப் பின்னேரம்தான் வேலை. எங்கள் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நின்றேன். ஊரில் அடுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காதவன் இரண்டு வருடத்தில் நூறு பேருக்குக் கறி காய்ச்சப் பழகியிருந்தேன், அந்தத் திமிர் தலைக்கு ஏறியிருந்த நேரம். முதல் நாள் வகுப்போடு பூங்காவுக்குப் போய் நீ ஒரு பை நிறைய மரோன் பொறுக்கி வந்திருந்தாய். நிலத்தில் கொட்டி வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தாய். எனக்குப் பார்க்கப் பலாக்கொட்டை மாதிரி இருந்தது. மெத்ரோ வாசலில் எங்கள் பெடியள் தள்ளுவண்டியில் வைத்து வறுத்து விற்கிற சாமான், சும்மா கிடைத்திருக்கிறதே என்று நினைத்தேன். பத்துப் பதினைந்தை எடுத்து அவித்து, தோல் உரித்து, பலாக்கொட்டைக்குச் செய்கிற மாதிரியே வெங்காயம், மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் விட்டுப் பிரட்டினேன். ருசி பார்த்தால் கசந்தது. வேறு நாட்டுச் சனம் என்றால் அதோடு துப்பிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்திருக்கும். நாங்கள் பாகற்காயைத் தேடி வாங்கித் தின்கிற ஆட்கள். கசந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி வளர்ந்த ஆட்கள். இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டேன். சோற்றோடு பிசைந்து உனக்கு ஊட்டினேன், நானும் சாப்பிட்டேன். ஊட்டும்போது ஒன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது எழுதினால் மிச்சத்தை எழுதக் கை வராது.

மூன்று மணிக்கு நீ வாந்தி எடுக்கத் தொடங்கினாய். நிற்கவில்லை. கண் செருகிக்கொண்டு போனது. மேல்வீட்டு அண்ணை தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு இளம் பெண் டொக்டர். வாந்தியைப் பார்த்துவிட்டு மரோன் என்று கண்டுபிடித்தார். யார் கொடுத்தது என்று என்னைக் கேட்டார். அவ்வளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும். அப்போது எங்கள் அகதி வழக்கு முடியவில்லை, இங்கே இருக்க விடுகிற விசா காட் கையில் இல்லை. கடைக் குசினியில் ஒருவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார்: "இஞ்சை பிள்ளைக்கு வீட்டிலை ஏதும் நடந்தால் தாய் தேப்பனை நம்பமாட்டாங்கள். பறிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்." அந்த நேரத்தில் என் தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது. நான் பேசாமல் நிற்க, டொக்டர் குனிந்து உன்னையே கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, தமிழில் சொன்னேன்: "நாதியா தந்தவ எண்டு சொல்லு ராசா. அப்பா எண்டு சொன்னால் உன்னைக் கொண்டுபோயிடுவாங்கள்." அந்த டொக்டருக்கு அது பிள்ளையைத் தேற்றுகிற பேச்சாகத்தான் கேட்டிருக்கும். நீ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு "நாதியா" என்றாய்.

எனக்கும் வயிற்றைப் பிசைந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு தரம் கழிவறைக்குப் போய் வந்தேன். அம்மா வேலையால் ஓடி வந்து "என்னப்பா, உங்கடை முகம் ஏன் இப்பிடி வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டபோது, பயத்தில் என்றேன். மறுநாள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு அம்மா குசினிக்குள் போனார். சட்டி ஊறிக்கொண்டு கிடந்தது. குப்பைப் பைக்குள் மண்ணிறத் தோல். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "காட் வரட்டும். பேந்து சொல்லுவம்" என்று மட்டும் சொன்னார். காட் அடுத்த வருடம் வந்தது. நாங்கள் சொல்லவில்லை.

நாதியா மேல் பழி ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. வாலுள்ள மரோனை வீட்டில் வறுத்து வந்து, பிள்ளைகள் ருசி பார்க்கட்டும் என்று முதல் நாள் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். ஆரையும் கேட்காமல் கொடுத்திருந்தார். அதை அவரே ஒத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னவருக்கு அதுவே வினையாகப் போய்விட்டது, அதற்குள் வாலில்லாதது கலந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, பிள்ளை சொன்னதுதான் என்றேன். வெளியே வந்தால் நாதியா பிள்ளைகளின் கோட்டுகள் கொழுவுகிற இடத்தில் நின்றார். எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார். அதைத் தின்னக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன் ஐயா, எல்லாருக்கும் தெரியும், உங்கள் மகனுக்கு நல்லாகத் தெரியும் என்றார். நான் "ஜெ நெ செ பா" என்றேன், எனக்குத் தெரியாது என்று. இலையுதிர் கால விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது அவர் இல்லை. நீ சட்டைப் பைக்குள் இலையை வைத்துக்கொண்டு வாசலில் நின்று "நாதியா எங்கை?" என்று கேட்டாய். "ஊருக்குப் போட்டா" என்றேன். ஒரு கிழமை கேட்டாய். பிறகு விட்டுவிட்டாய்.

அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், மார்க்ஸ் டோர்முவா பக்கம் ஒரு சலவைக் கடையில் உடுப்பு மினுக்குகிறார், இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற வேலை. எட்டு வருடத்துக்கு முன் கண்ணாடிக்குள்ளால் கண்டேன். அவரும் என்னைக் கண்டுவிட்டார். வெளியே வந்து, உங்கள் சின்னவன் சுகமா, இன்னும் இலை பொறுக்குகிறானா என்று கேட்டார். தம்பி, அந்த மனுசி அதைத்தான் கேட்டது! நான் மெர்சி, மெர்சி என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். அன்றிலிருந்து அந்தத் தெருவில் நான் மற்றப் பக்கத்தால்தான் நடக்கிறேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையின் தகப்பன் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அவர் இங்கே வந்து ஒரு வருடம்தான், அன்றைய எங்களைப் போல விசாக் கடுதாசிக்குப் பின்னால் திரிகிற ஆள் என்று நீ அம்மாவுக்குச் சொன்னதால் மட்டும், வீட்டில் அவரே கொடுத்தாரோ என்று எனக்குச் சந்தேகம். அவர் முகத்துக்கு நேரே நீதான் கொடுத்தாய் என்று சொல்லிவிடாதே. மூலைக்குள் தள்ளினால் ஆள் பொய்யை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், எனக்கு அனுபவம் இருக்கிறது. இதற்காகப் பிள்ளையை ஒருவரும் பறிக்க மாட்டார்கள் என்பதை அவருக்கு விளங்குகிற பாஷையில், நம்பக்கூடிய ஒரு ஆளைக் கொண்டு முதலில் சொல்லச் சொல். அன்றைக்கு எனக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் உண்மையைக் கக்கியிருப்பேனோ? கக்கியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. தெரியாது. உன் இரண்டு கிண்ணத்தையும் கொண்டுபோ. மேசையில் வை. நீ என்ன படிப்பித்தாய் என்று உன் வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் அந்த ஒரு பிள்ளையை மட்டும் திரும்பவும் கேட்க விடாதே. அவனைப் பொய்க்காரன் என்று இன்னொரு தரம் சொல்லாதே. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான் என்றாயே, நீயும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு சொன்னாய். நாலு வயதுப் பிள்ளை தகப்பனைக் காப்பாற்றப் பார்த்தது, வேறொன்றுமில்லை.

கடைசியில் சொல்கிறேன் என்றதை இனிச் சொல்லத்தான் வேண்டும். அந்த மத்தியானம் நான் முதல் கவளத்தை நீட்டியபோது நீ வாயை இறுக்கி மூடிக்கொண்டாய். சோற்றுக் கோப்பைக்குள் விரலை வைத்து ஒரு துண்டைக் காட்டினாய். "அப்பா, இது வாலில்லாத மரோன். வயித்துக்கை குத்துமாம். நாதியா சொன்னவ" என்றாய். அழுகிற முகம் செய்தும் காட்டினாய். நான் கோபத்தில் கத்தினேன்: "அப்பாவுக்குத் தெரியாதது உன்ரை நாதியாவுக்குத் தெரியுமோ? ஆ காட்டு!" நீ பயந்து போய் ஆ காட்டினாய். மூன்று துண்டு தின்றாய். நாதியா உனக்குச் சரியாகத்தான் படிப்பித்திருந்தார், நீயும் சரியாகத்தான் படித்திருந்தாய். உனக்கு நல்லாகத் தெரியும் என்று நாதியா சொன்னதற்கு ஒரே சாட்சி நான்தான். அதைத்தான் நான் விழுங்கிவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

நாளை மறுநாள் புதன்கிழமை. இரண்டு மணிக்கு அந்தச் சலவைக் கடை வாசலில் நிற்பேன். நீ வா. அப்படி ஒரு விசாரணை அறைக்குள் தனியாகப் போய் இருந்துவிட்டு வந்தவர் அவர். எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லி அகப்பட்டார் என்று அவருக்குத்தான் தெரியும். மறுநாள் நீ உள்ளே போகுமுன் அவரிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. அதற்கு முதல் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. என் பிரெஞ்சு உனக்குத் தெரியும், இத்தனை வருடமாகியும் போன்சூர், மெர்சி, ஜெ நெ செ பா. நான் தமிழில் சொல்கிறேன், நீ அவருக்குச் சொல்லு. அன்றைக்கும் நான் தமிழில் சொன்னதைத்தான் நீ பிரெஞ்சுக்காரிக்குச் சொன்னாய். இந்த முறையும் நான் சொல்வதை அப்படியே சொல்லு, அப்பா பாவம் என்று பார்த்து ஒரு சொல்லையும் குறைக்காதே. நீ வரமாட்டாய் என்றால் அதற்கும் எனக்குக் கோபமில்லை, கோபப்பட என்ன இருக்கிறது. நான் போவேன். இன்று காலை பூங்காவுக்குப் போய் வாலில்லாத மரோன் ஒன்று பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன். அதை அவர் உடுப்பு மினுக்குகிற மேசையில் வைத்துவிட்டு, விரலால் என்னைக் காட்டுவேன்.

அப்பா